கும்பத்தடியில் ஒரு கத்தி

ஊரில் யுத்தம் முடிந்த மறுவருடம், 2010 இல், அம்மாவின் தம்பி அகதியாக அசூல் கேட்டுவிட்டு, சுவிஸில் ஓல்டனில் எங்கள் வீட்டுச் சோபாவில் படுத்தெழும்பிக்கொண்டிருந்தார். யுத்த காலத்தில் என்ன செய்தார் என்று யார் கேட்டாலும், மாமா ஊரில் சைக்கிள் கடையில் வேலை செய்தவர் என்றுதான் நான் சொல்ல வேண்டும். வாய்ப்பாட்டைவிட அது எனக்கு நன்றாகப் பாடம். பேர்னில் அவருக்கு இரண்டாவது விசாரணை இருந்தது. வாய் சறுக்கினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அம்மா பயந்துகொண்டேயிருந்தார்.

மேல்வீட்டுச் சுவிஸ்காரம்மா முதியோர் இல்லத்துக்குப் போக ஆயத்தமானார். இறந்துபோன ஜெர்மன்காரக் கணவரின் சாமான்களை நிலவறையிலிருந்து ஒதுக்கித் தரும்படியும், விரும்பியதை எடுத்துக்கொள்ளும்படியும் மாமாவிடம் கேட்டார். ஒரு பெட்டியின் அடியில், துணியில் சுற்றிய கத்தியொன்று அகப்பட்டது. மஞ்சள் பிடி, வெள்ளி நூல் குஞ்சம், சிறகு விரித்த கழுகு, அதன் காலடியில் சுவஸ்திகா.

நவராத்திரிக் காலம். அம்மாவின் கண்ணில் பட்டது சுவஸ்திகா மட்டும்தான். அது சற்றுச் சரிந்திருந்ததைச் செய்தவனின் கைப்பிழை என்று எடுத்துக்கொண்டு, சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பத்தடியில் என் பள்ளிப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். பத்தாம் நாள் நீற்றுப்பூசணிக்காய் வெட்டவும் ஆகுமாம்.

மாமா அலகில் பெருவிரலை ஓட்டிப் பார்த்தார்.

"அக்கா, இதால பூசணிக்காயும் வெட்டேலாது. கூரே வைக்கேல்லை. ஆமிப் பெரியாக்கள் விழாவுக்கு இடுப்பில கட்டுறது."

அலகின் அடியில் சோலிங்கன் என்று இருந்ததை நான் வாசித்தேன். எங்கள் மீன் வெட்டும் கத்தியிலும் அதே ஊர்ப் பெயர்தான். எனக்கு அதில் ஒரே பெருமை.

அன்று மாலை படைத்த கடலையில் பங்கு வாங்க வந்த மேல்வீட்டம்மா, கும்பத்தின் முன்னால் அப்படியே நின்றுவிட்டார். எங்கே எடுத்தது என்று கேட்டார். அவருடைய கணவரின் பெட்டிக்குள்தான் என்றேன். அவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். உலக யுத்தம் முழுக்கப் பேக்கரியில் மாப் பிசைந்ததாகத்தான் கணவர் சொல்லியிருந்தாராம். நாற்பது வருடம் அதை நம்பியிருந்தாராம். வீட்டு மொழிபெயர்ப்பாளர் நான்தான். அதைத் தமிழில் சொன்னேன்.

மாமா கடலைத் தட்டைக் கீழே வைத்தார். "பயத்தில சொல்லியிருப்பார் எண்டு சொல்லு."

சொன்னேன். அந்த அம்மா மாமாவைக் கனநேரம் பார்த்துவிட்டு, நீங்கள் உங்கள் நாட்டில் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். மாமா குனிந்து தட்டிலிருந்த கடலையை எண்ணத் தொடங்கினார். நான் விடுவேனா?

"சைக்கிள் கடையில்!" என்றேன், வகுப்பில் சொல்வதுபோல உரத்து.

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். மேல்வீட்டம்மா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். மாமாவும் அழுதார். ஒரு சைக்கிள் கடையில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.