பிலோமினா அக்காவின் மடக்கு சைக்கிள்

பிலோமினா அக்கா இன்னிக்கு விடியகாலையில போயிட்டாங்க. இப்பதான் அவங்க பொண்ணு போன் பண்ணிச்சு...

வில்லியனூர் பக்கத்துல எங்க தெருவுல இருந்து சேதராப்பட்டு கம்பெனிக்கு சைக்கிள்ல வேலைக்குப் போன முதல் பொண்ணு அவங்க. அந்த சைக்கிளைக் கெடுத்த முதல் ஆளு நான்.

எண்பதுகளோட ஆரம்பம். எனக்குப் பதினேழு வயசு. பத்தாவதுல எல்லா பாடமும் என்னை விட்டுடுச்சு, கணக்கு மட்டும் பிரிய மனசில்லாம புடிச்சி வச்சிருந்த நேரம்.

தெருவுல எந்த சைக்கிள்ல காத்து இல்லன்னாலும், வால்ட்யூபைப் புடுங்கி காத்தை எறக்கினது நான்தான்னு என் பேருதான் அடிபடும். பெரும்பாலும் கரெக்ட்டாதான் சொல்லுவாங்க.

அக்காவோட சித்தப்பா ஒரு சொல்தா... அதாவது பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து ரிட்டையர் ஆகி வந்தவரு. அவரு பிரான்சுல இருந்து கொண்டாந்த குட்டிச் சக்கர மடக்கு சைக்கிள்தான் அக்காவுக்கு வந்துச்சு.

ஆறு மணி ஷிப்ட். முதல் பஸ்ஸைப் புடிச்சா ஆறரைக்குதான் போய்ச் சேரலாம். சைக்கிள்ல போனாலோ, பின் சக்கரத்துல செயின் ஓடுற பிரீவீல் தேஞ்சு போயி நாலு மிதிக்கு ஒரு மிதி வெறுமன சுத்தும்.

ரெண்டு நாள் லேட். இன்னொரு நாள் லேட்டானா வேலைக்கே வர வேணாம்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் அக்கா சைக்கிளைத் தள்ளிக்கிட்டு நேரா எங்க வூட்டுக்கு வந்தாங்க.

"ஊருல இருக்குற சைக்கிளை எல்லாம் கழட்டத் தெரியுதில்ல... ஒண்ணே ஒண்ணை மாட்டிக் காட்டு, பாப்போம்."

"இது இன்னாக்கா பெரிய விஷயம்? அடுப்புல கறி வேகறதுக்குள்ள முடிச்சிடறேன்."

கறி வெந்துச்சு. என் பருப்புதான் வேகல.

கடையில புது பிரீவீல் வாங்கியாந்து பின் சக்கரத்து ஹப்புல திருகினேன். ரெண்டு சுத்து வெண்ணெய் மாதிரி ஏறுச்சு, மூணாவது சுத்துல நின்னுடுச்சு. அங்கயே நிறுத்தியிருந்தா இந்தப் பதிவுல எனக்கும் கொஞ்சம் மரியாதை இருந்திருக்கும்.

தேங்கா எண்ணெய் விட்டு, பழைய செயினைச் சுத்தி, இரும்பு பைப்பு சொருகி ஒரே இழுப்பு. கிர்ருன்னு ஒரு சத்தம்... ஹப்புல இருந்த திருகு மரை மொத்தமும் வழிச்சிக்கிட்டு வந்துடுச்சு.

பிரான்சு மரை ஒரு அளவு, நம்ம ஊரு மரை ஒரு அளவு. பாக்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஒரே வூட்டுல குடித்தனம் பண்ணாது.

அக்கா கத்தல. அதான் பயமா இருந்துச்சு.

"சரி. நாளைக்குக் காலையில நாலே முக்காலுக்கு உன் சைக்கிளோட எங்க வாசல்ல வந்து நில்லு."

அந்த வாரம் பூரா டபுள்ஸ். பத்துக்கண்ணு ஊரைத் தாண்டினா ஊசுட்டேரி காத்து எதுக்க அடிக்கும்... பின்னாடி கேரியர்ல இருந்து "மிதிடா, வால்ட்யூப் புடுங்கி"ன்னு குரல் வரும்.

வழியில யாராவது ஒரு மாதிரி பாத்தா அக்காவே பதில் சொல்லிடுவாங்க. "என் தம்பிதாங்க. தண்டனையில இருக்கான்."

ஆறு நாளும் கரெக்ட் டைம். ஆனா அடுத்த திங்கக்கிழமை பாண்டியில எனக்குக் கணக்குப் பரீட்சை.

உங்களை விட்டுட்டு ஓடியாந்துடறேங்க்கான்னு சொன்னேன். "நீ போயி பரீட்சையை மிதி. நான் தனியா போய்க்கறேன்"னு சொல்லிட்டாங்க.

சைக்கிளைச் சரி பண்ற யோசனையும் அவங்களோடதுதான். "மரை சேரலன்னா சக்கரத்தையே மாத்துடா. வாடகைக்கு விடறாங்களே குட்டி சைக்கிள், அதோட சக்கரம் இதே உயரம்தானே?"

வாடகை சைக்கிள் கடையில ஒரு குட்டி சைக்கிள் முன்பக்கம் வளைஞ்சு கெடந்துச்சு. அதை வாய்க்கால்ல விட்டு வளைச்சதும் நான்தான்.

கடைக்காரரு என்னையும் பாத்தாரு, அக்காவையும் பாத்தாரு. "பின் சக்கரத்தை எடுத்துக்கம்மா. இவன் என் கடைப்பக்கம் வரக்கூடாது, அதான் வாடகை."

நம்ம ஊரு ஹப்பு, நம்ம ஊரு பிரீவீல்... கையாலயே ஏறுச்சு. வேகத்துக்காக முன்னாடியும் பெரிய பல்சக்கரம் ஒண்ணு போட்டோம்.

அந்தப் பல்சக்கரத்தை அச்சோட இறுக்குற பின்னு கொஞ்சம் தடிமன். அக்கா அரத்தை எடுத்து ராவுனாங்க, போட்டுப் பாத்தாங்க, மறுபடி ராவுனாங்க... எட்டாவது தடவை சுத்தியால ஒரு தட்டு. உக்காந்துடுச்சு.

ஒரே ஒரு கோளாறு. மடக்கினா முன் சக்கரம் வந்து அந்தப் பெரிய பல்சக்கரத்துல இடிச்சு பாதியில நின்னுடும்.

"அக்கா, மடக்கு சைக்கிள் மடங்கலக்கா."

"நான் இன்னா, மடக்கி மடியிலயா வச்சிக்கப் போறேன்? ஓடுதா பாரு."

திங்கக்கிழமை பரீட்சை எழுதிட்டு வந்து தெருமுனையில நின்னேன். அக்கா வந்தாங்க. கை ரெண்டும் கிரீஸு.

"செயின் ஒரு தடவை கழண்டுச்சு. நானே மாட்டிட்டேன். போய்ச் சேர்ந்தா இன்னும் கேட்டே தொறக்கலடா, அவ்ளோ சீக்கிரம்..." சொல்லிக்கிட்டே என் வெள்ளைச் சட்டையில கையைத் தொடச்சாங்க. "உன் கணக்கு?"

"அதுவும் நடுவுல கழண்டுச்சுக்கா."

"மாட்டினியா?"

மாட்டிட்டேன். முப்பத்தஞ்சு மார்க்கு... ஒண்ணு கூட வீணாக்கல.

அடுத்த வருஷம் எங்க தெருவுல இருந்து நாலு பொண்ணுங்க சைக்கிள்ல சேதராப்பட்டு போனாங்க. யாருக்கு செயின் கழண்டாலும் அக்கா வாசலுக்குதான் வரும்.

இப்ப போன்ல அவங்க பொண்ணு அழுதுட்டு, மூக்கை உறிஞ்சிட்டு கேட்டுச்சு. "மாமா, வாசல்ல சேர் போடணும். அம்மா சைக்கிளை மடக்கி ஓரமா வைக்கலாம்னு பாத்தா பாதிக்கு மேல மடங்க மாட்டேங்குது. எதனா சிக்கியிருக்கா?"

"அது மடங்காதும்மா... அதோட மல்லுக்கட்டாதே."

"என் பாப்பாவும் அதை விட்டு நகர மாட்டேங்குறா மாமா. ஆயா சைக்கிள் இனிமே எனக்குதான்னு செயினுக்கு எண்ணெய் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா."

அங்கயே நிக்கட்டும்னு சொல்லிட்டேன். கெளம்பிட்டேன்.

போய் வாங்கக்கா... சத்தியமா காத்து புடுங்கல.