அலுவலகத்தை அணுகவும்

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு 'அனுமதி அக்கா' என்று பெயர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது, ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. ஆசிரியர்களும் பெற்றோர்களும் சேர்ந்து பார்க்கிற பள்ளியின் இணையதளத்தில் யார் எதைப் பார்க்கலாம், யார் எதில் கை வைக்கலாம், யார் படித்துவிட்டுப் பேசாமல் போக வேண்டும் என்று பார்த்துத் திறந்துவிடுவதும் மூடுவதும் அவள் வேலை.

வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு இது உட்கார்ந்த இடத்தில் பட்டனை அமுக்குகிற வேலை. உள்ளே வந்து உட்கார்ந்தால்தான் மனிதர்களின் லட்சணம் தெரியும். 'எனக்கு இவ்வளவு அனுமதி வேண்டாம், கொஞ்சம் குறைத்துவிடு' என்று இதுவரை ஒரு ஜீவன் வந்ததில்லை. விளையாட்டு வாத்தியார், மழை வந்தால் மாற்றிக்கொள்ளத்தான் என்று சொல்லிக் கால அட்டவணையைத் திருத்துகிற வசதியைக் காலில் விழாத குறையாகக் கேட்டு வாங்கினார். மறுநாள் பார்த்தால் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்குப் பாடத்தையே காணோம், எல்லாம் கால்பந்து. ஓவிய டீச்சர் தன் வீட்டுக்கு வாங்க வேண்டிய சாமான்களைத் தனக்கென்று குறித்து வைப்பதாக நினைத்துப் பள்ளி முழுவதற்கும் அனுப்பிவிட்டார். 'துடைப்பம் இரண்டு' என்று இருந்தது. சில பெற்றோர் எதற்கு வம்பு என்று மறுநாள் பிள்ளைகளிடம் துடைப்பம் கொடுத்தனுப்பினார்கள்.

இவர்களை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவளுக்கு ஒரு பதக்கமாவது குத்தியிருக்க வேண்டும். பள்ளி கொடுத்தது ஒரு சுழல் நாற்காலி. அதுவும் ஒரு பக்கமாகச் சாயும்.

அவளும் ஒன்றும் தவறே செய்யாதவள் இல்லை. ஒரு முறை வேறு பள்ளிக்குப் போய்விட்ட ஒரே ஒரு மாணவியை நீக்கப் போய், கை தவறி அந்த வகுப்பையே நீக்கிவிட்டாள். அன்றைக்குக் கவுன்டரில் பெற்றோர் கூட்டம் முண்டியடித்தது. அதிலிருந்து தலைமை ஆசிரியை ஒரு ஏற்பாடு செய்தார்: ஒரு பிள்ளையைத் தளத்திலிருந்து எடுப்பதானால் இவள் மட்டும் அமுக்கினால் போதாது, இன்னொருவரும் 'சரி' என்று அமுக்க வேண்டும். அந்த இன்னொருவர் பஸ்காரர். பள்ளி வண்டிகளைக் கவனித்துக்கொள்கிறவர், காலையில் தானும் ஒரு வண்டியில் பிள்ளைகளோடு வருவார். எந்தப் பிள்ளை இருக்கிறது, எது போய்விட்டது என்று முதலில் தெரிய வேண்டியது அவருக்குத்தானே. அலுவலக அறையில் அவள் மேசைக்கு எதிர் மேசை அவருடையது. இரண்டுக்கும் நடுவில் கேட்டைப் பார்த்த பெரிய ஜன்னல். வண்டிகள் எல்லாம் அந்த ஜன்னலை ஒட்டித்தான் உள்ளே நுழையும்.

தளத்தில் அவளுக்கு மட்டும் ஒரு பட்டன் உண்டு. யாருக்காவது எதையாவது திறந்துவிட்டால், அதை அமுக்கி, அந்த ஆளின் கண்ணுக்குத் தளம் எப்படித் தெரிகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். கணக்கு டீச்சராக, காவலாளியாக, யாரோ ஒரு அப்பாவாக அவள் தினமும் கொஞ்ச நேரம் மாறிப் பார்ப்பாள். பார்க்காமல் யாரையும் அனுப்ப மாட்டாள். கவுன்டரில் வந்து நின்றவரைக் காக்க வைக்கவும் மாட்டாள். இந்த இரண்டிலும் அவளைக் குறை சொல்ல முடியாது.

அவளுக்கு ஒரே பையன். அதே பள்ளியில்தான் படித்தான். அவனை எல்லாரும் 'வாலு' என்றுதான் கூப்பிடுவார்கள், ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. ஏழாம் வகுப்பு வந்ததும் அம்மாவோடு சேர்ந்து வருவது மானக்கேடு என்று முடிவு செய்துவிட்டான். "எல்லாரும் கிண்டல் பண்றாங்கம்மா. நான் பஸ்லயே வர்றேன்" என்று அடம்பிடித்து, பஸ்காரர் வருகிற வண்டியிலேயே இடம் வாங்கிக்கொண்டான். அவள் முன்னால் கிளம்பி வந்துவிடுவாள், அவன் பின்னால் வண்டியில் வருவான். பள்ளிக்குள் எதிரே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான்.

அந்த ஆண்டின் நடுவில் காய்ச்சல் என்று படுத்தான். ஆஸ்பத்திரிக்குத் தன் காலால் நடந்து போனவன் திரும்பி வரவில்லை.

விடுப்பு முடிந்து அவள் வேலைக்கு வந்தாள். வந்து உட்கார்ந்து, சேர்ந்து கிடந்த கோரிக்கைகளை ஒவ்வொன்றாகத் தீர்த்தாள். அழவில்லை. அழக்கூடாது என்றெல்லாம் இல்லை, வரவில்லை. பல் பிடுங்கப் போடுகிற ஊசியில் கன்னம் மரத்துப்போகுமே, அப்படி முழு ஆளும் மரத்துப்போயிருந்தாள். வெந்நீரா பச்சைத் தண்ணீரா என்று தெரியாமல் குளித்தாள். யாராவது நகைச்சுவையாகப் பேசினால் சிரிக்க வேண்டிய இடம் தெரிந்து சிரித்தாள். "என்ன மனசோ, கல்லு மாதிரி உக்காந்திருக்கா" என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டது அவள் காதிலும் விழுந்தது. விழுந்தது, அவ்வளவுதான்.

வாலுவைப் பற்றி மட்டும் யாரும் அவளிடம் பேசவில்லை. நல்ல எண்ணம்தான். அவள் உள்ளே வந்தால் பேச்சு சட்டென்று வானிலைக்குத் தாவும். வீட்டிலும் அதே கதை. அவள் கணவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். கிணறு மாதிரி ஆழமான குழிக்குள் இறங்கி வேலை செய்கிறவனுக்குத் தன் பையன் பெயரைச் சொல்லத் தெம்பில்லை.

ஆனால் தளத்துக்கு நல்ல எண்ணம், கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. பிள்ளை வந்ததா வரவில்லையா என்று தினமும் சொல்லியே ஆக வேண்டும் எனப் பெற்றோர் ஒரு கூட்டத்தில் ஒற்றைக்காலில் நின்றதால், காலை பத்து மணிக்கு எல்லார் போனுக்கும் ஒரு வரி போகும். வாலுவின் பெற்றோருக்கும் போனது. 'தங்கள் பிள்ளை இன்று பள்ளிக்கு வரவில்லை.'

அவள் வேலைக்குத் திரும்பிய முதல் நாள் அது வந்ததும் கணவன் மத்தியானமே போன் செய்தான்.

"அந்த மெசேஜ் வருது பாத்தியா? எனக்கு வர்றதை நிறுத்திடு. என்னால முடியலை."

"சரிங்க."

நிறுத்தினாள். பழக்கப்படி கணவனின் கண்ணாலும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். அங்கே ஒன்றும் இல்லை, வெள்ளையாக இருந்தது.

தனக்கு வருவதை நிறுத்தவில்லை. அந்த ஒரு வரியில்தான் அவன் இன்னும் பள்ளியில் படிக்கிற பையன். இன்றைக்கு வரவில்லை, அவ்வளவுதான். உலகத்தில் வேறு எந்த இடத்திலும் அவனுக்கு அந்த அந்தஸ்து மிச்சமில்லை. பையனை நீக்கும் கோரிக்கையை அவள்தான் தொடங்க வேண்டும், அவள் தொடங்கவில்லை. தலைமை ஆசிரியை ஒரு நாள் மேசையருகே வந்து நின்று, "அந்தப் பக்கம்... நேரம் கெடைக்கறப்போ பாத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டு அவசரமாகப் போய்விட்டார். வகுப்பு டீச்சர் விஷயம் தெரிந்தவர், அந்தப் பெயரைக் கூப்பிடாமல் தாண்டிப் போவார். குறி போடாத பெயரைத் தளம் வராதவனாக எடுத்துக்கொள்ளும். பத்து மணிக்கு போன் ஒரு முறை அதிரும். அவள் எடுத்துப் பார்ப்பாள், வைப்பாள், வேலையைத் தொடர்வாள்.

ஆண்டு முடிந்தது. தளம் தன் பாட்டுக்கு எல்லாப் பிள்ளைகளையும் ஒரு வகுப்பு மேலே ஏற்றியது. வாலுவும் எட்டாம் வகுப்புக்குப் போனான்.

புது ஆண்டின் முதல் நாள், எட்டாம் வகுப்புக்கு வெளியூரிலிருந்து ஒரு புது டீச்சர் வந்தாள். சின்ன வயசு, படபடப்பு. கவுன்டரில் வந்து நின்று, "அக்கா, எனக்கு அட்டெண்டன்ஸ் பேஜ் திறக்கவே மாட்டேங்குது. முதல் நாளே மானம் போயிடும்போல" என்றாள். அனுமதி அக்கா திறந்துவிட்டாள். பட்டனை அமுக்கி அந்தப் பெண்ணின் கண்ணால் பார்த்தாள். எட்டாம் வகுப்புப் பெயர்கள் வரிசையாக நின்றன. நடுவில் அவன் பெயரும் நின்றது.

"எல்லாம் சரியா இருக்கா அக்கா?"

"இருக்கு. போங்க."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. மரத்துப்போன கன்னத்தைக் கடித்தாலும் தெரியாதே.

புது டீச்சர் வகுப்புக்குப் போனாள். பெஞ்சுகள் நிறைந்திருப்பதைப் பார்த்தாள். முதல் நாள் யார் வராமல் இருப்பார்கள் என்று, ஒவ்வொரு பெயராகக் கூப்பிடாமல், 'எல்லோரும் வந்துவிட்டார்கள்' என்ற பட்டனை ஒரே அமுக்காக அமுக்கிவிட்டாள். எந்த டீச்சரும் அமுக்குகிற பட்டன்தான்.

பத்து மணிக்கு போன் அதிர்ந்தது. 'தங்கள் பிள்ளை இன்று பள்ளிக்கு வந்திருக்கிறார்.'

அனுமதி அக்கா எழுந்தாள். சாய்ந்த நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் முட்டியது. நடைக்கூடத்தில் நடந்தாள், மாடிப்படி ஏறினாள். அந்த வரி எப்படி வந்திருக்கும் என்று அவளைவிட நன்றாக அறிந்தவர் அந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை. 'பைத்தியமே, எங்கே போறே' என்று உள்ளே ஒரு குரல் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. கால் கேட்கவில்லை. சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் அந்தப் படிகளில் ஏறி முடிக்கிற வரைக்கும் அவள் நம்பினாள்.

எட்டாம் வகுப்பு வாசலில் போய் நின்றாள். பிள்ளைகளுக்கு அவளைத் தெரியும், யார் அம்மா என்றும் தெரியும். வகுப்பு கப்சிப் என்று ஆனது. அவள் கண் முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சு வரை ஒவ்வொரு முகமாகப் போனது. வளர்ந்திருந்தார்கள். சிலருக்கு மீசை அரும்பியிருந்தது. எங்கேயும் ஓர் இடம்கூடக் காலியில்லை.

"யாரைக்கா பாக்கணும்?" என்றாள் புது டீச்சர்.

"யாரையும் இல்லை" என்று சொல்லிவிட்டு அவள் கீழே இறங்கினாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பையனை நீக்கும் கோரிக்கையைத் தொடங்கினாள். காரணம் என்ற இடத்தில் தளம் கொடுக்கிற நாலைந்து காரணங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அனுப்பினாள். எதிர் மேசையில் பஸ்காரரின் திரையில் அது போய் விழுந்தது. அவர் பார்த்தார். மௌசிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"அக்கா, இது..."

"அமுக்கு தம்பி."

"இப்போவே அமுக்கணுமாக்கா?"

"போன வருஷமே அமுக்கியிருக்கணும். நான்தான் அனுப்பலை."

பஸ்காரர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். பிறகு, "என்கிட்ட மாசாமாசம் கம்ப்யூட்டர் கேக்கும்க்கா" என்றார். "ரொம்ப நாளா வராத புள்ளைங்களை நீக்கவா, வைக்கவான்னு. வைன்னு அமுக்கிட்டு எந்திரிச்சு வெளியில போயிடுவேன்."

அது அவளுக்குத் தெரியாது. இத்தனை நாளும் தான் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பதாக நினைத்திருந்தாள். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பஸ்காரர் 'சரி' என்பதை அமுக்கிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு பிள்ளையை நீக்கிவிட்டால் அதன் பக்கம் அடைபட்டுவிடும். தலைமை ஆசிரியை தவிர யாராலும் திறக்க முடியாது, அனுமதி அக்காவாலும் முடியாது. அந்தக் கட்டுப்பாட்டைப் போட்டதே அவள்தான். இருந்தும் அவள் போனை எடுத்து, அம்மாவாக உள்ளே போய், பையன் பக்கத்தைத் தொட்டாள். வெள்ளைத் திரையில் எழுத்து வந்தது.

'மன்னிக்கவும். இந்தப் பக்கத்தைப் பார்க்கத் தங்களுக்கு அனுமதி இல்லை. தங்கள் பிள்ளையைப் பற்றிய விவரம் தேவையெனில் அலுவலகத்தை அணுகவும்.'

அவள் எழுதிய வரிகள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஜனங்கள் கோபப்படாமல் இருக்க மரியாதையாக எழுத வேண்டும் என்று மெனக்கெட்டு எழுதியவை. அதற்கு முன்னால் இருந்த 'அனுமதி மறுக்கப்பட்டது' என்பதை மாற்றியதற்குத் தலைமை ஆசிரியை பாராட்டக்கூடச் செய்தார். அவள் அதைப் படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, திரும்பி உட்கார்ந்தாள்.

"தம்பி, எனக்கு ஒரு விவரம் வேணும்."

"சொல்லுங்கக்கா."

"பஸ்ல அவன் எப்படி இருப்பான்? அது ஒண்ணுதான் நான் பாக்கலை."

பஸ்காரர் திடுக்கிட்டுப் பார்த்தார். அவளிடம் அவனைப் பற்றிப் பேசக் கூடாது என்று இத்தனை நாளாகப் பூட்டிப் பூட்டி வைத்த வாய் சட்டென்று திறக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்ற வண்டியைக் கையால் காட்டினார்.

"வலது பக்கம், ஜன்னலோரம். வேற யாரையும் உக்கார விடமாட்டான், அடிதடிதான். வண்டி கேட்டுக்குள்ள நுழையறப்போ இந்த ஜன்னல் வரும்ல, அப்போ சீட்டுக்குக் கீழ குனிஞ்சுக்குவான்."

"நான் பாத்துடுவேன்னா?"

"ஆமாக்கா. அம்மா இருக்காங்களாடா, பாக்குறாங்களாடான்னு பக்கத்துல இருக்கறவனைக் கேப்பான். நீங்க எங்க பாக்கப்போறீங்க, உங்க கண்ணு கம்ப்யூட்டர்லயே இருக்கும். தாண்டினதும் மெதுவா எந்திரிச்சு, கண்ணாடியில மூக்கை வச்சுக்கிட்டு உங்களைத் திரும்பித் திரும்பிப் பாப்பான். நீங்க மறையற வரைக்கும் பாப்பான். அப்புறம்தான் பையைத் தூக்குவான்."

"ஒரு நாளா?"

"தெனமும்க்கா."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே காலி வண்டிகள் வரிசையாக நின்றன. கவுன்டருக்கு அந்தப் பக்கம் ஒருவர் வந்து கம்பியைத் தட்டினார். "மேடம், பாஸ்வேர்டு மறந்துபோச்சு. கொஞ்சம் பாருங்களேன்."

"கொஞ்சம் இருங்க" என்று சொல்ல வந்தாள். குரல் வரவில்லை. கையை மட்டும் அவர் பக்கம் உயர்த்தி இருக்கச் சொல்லிவிட்டு, மற்றக் கையால் முகத்தை மூடிக்கொண்டாள். கவுன்டரில் வந்தவரை அவள் காக்க வைத்தது அன்றைக்குத்தான்.