மூன்றாவது திதிக்கு இடம் செய்தவர்

ஆடிப்பெருக்கன்று வெளியிடும் மாதிரிக் காலண்டர் ஆல்பத்துக்கான படங்களைக் காலையில் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எங்கள் காலண்டர் கம்பெனியின் புரோகிராமர் குருசாமி அண்ணாச்சி, விடிவதற்குச் சற்று முன் நெஞ்சுவலியில் இறந்துவிட்டார். நம்ப மனம் வரவில்லை. முந்தின நாள் மாலைதான் என் டீயையும் சேர்த்துக் குடித்துவிட்டுப் போனார்.

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குத் தினமும் பஸ்ஸில் வருவார். சாமி கும்பிடாதவர், நல்ல நேரம் பார்க்காதவர். ஆனால் ஊருக்கெல்லாம் நல்ல நேரமும் திதியும் அச்சானது அவர் எழுதிய புரோகிராமில்தான். "சாமிக்குச் சம்பளமில்லாம வேலை பாக்கீக அண்ணாச்சி" என்று சீண்டுவேன். "சம்பளம் மொதலாளி குடுக்காரு தங்கச்சி" என்பார்.

ஒரு வருடம் சீசன் நெருக்கத்தில், ஒழுங்காகத் தினசரித் தாள்களைப் போட்டுக்கொண்டிருந்த புரோகிராம் கார்த்திகையில் ஒரு தாளில் கிராஷ் ஆகி நின்றது. நான் மூடிவிட்டு மறுபடி ஓட்டப் போனேன். அண்ணாச்சி தடுத்தார்.

"கை வைக்காதீக! நின்ன எடத்துலயே நிக்கட்டும். எங்கன விழுந்துச்சுன்னு பாக்காம எழுப்பினா, திரும்ப அங்கனயேதான் விழும்."

முதலாளிக்கு அவசரம். அந்த ஒரு தாளில் திதியை வெறுமனே விட்டுவிடச் சொன்னார். அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்பனுக்குத் திதி குடுக்கணும்னு தேடுறவன் வெறுந்தாளப் பாத்துட்டு நிக்கணுமாக்கும்?"

அந்தத் தாளுக்கு முன்னால் புரோகிராமை நிறுத்தி, ஒவ்வொரு வரியாக ஓட்டினார். இரண்டு திதிகள் வரை சரியாகப் போனது. அதற்கடுத்த வரியில் விழுந்தது. உடனே தன் மனைவி வேலம்மாள் மதினிக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, ஒரே நாள்ல மூணு திதி வருமா?"

ஸ்பீக்கரில் மதினியின் குரல் கேட்டது. "எப்பவாச்சும் வரும். ஒருநாளாவது எங்கூடக் கோயிலுக்கு வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்ல!"

ஆபீஸே சிரித்தது, அவரும்தான். புரோகிராமில் இரண்டு திதிகளுக்கு மட்டும் இருந்த இடத்தை மூன்றாக்கினார். வருடம் முழுவதும் தடங்கலில்லாமல் ஓடியது.

அவர் இறந்த அன்று மாலை, விருதுநகர் வீட்டில், ஆண்கள் மயானத்திலிருந்து திரும்பியபின் மதினி என்னை அழைத்தார். "அவுக நம்பலன்னாலும் நான் வருசாவருசம் குடுக்கணும் தாயி. என்ன திதின்னு பாத்துச் சொல்லு."

பஞ்சாங்கத்தில் விடியும்வரை முந்தின நாள் கணக்குதான். சாவு வீட்டில் யாருக்கும் தாள் கிழிக்கத் தோன்றாததால், அந்தத் தாளே சுவரில் தொங்கியது. அதில் மூன்று திதிகள் இருந்தன. உயிர் பிரிந்த நேரத்தைப் பொருத்திப் பார்த்தேன். மூன்றாவது. "மூணாவது திதி மதினி" என்றேன்.

"அவுக எடம் பண்ணி வச்ச வரியா?" என்று கேட்ட மதினி, அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டார்.

அண்ணாச்சி, அந்தத் தாளில் யாரும் கை வைக்கமாட்டோம். நின்ற இடத்திலேயே நிற்கட்டும். நீங்கள் நிம்மதியாகப் போங்கள்.