மேனேஜர் இறங்காத ஊர்

போடியிலிருந்து ராசிங்காபுரம் போகும் பஸ்சில் ஓர் ஏலக்காய்க் கம்பெனி மேனேஜர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர். பேச்சுக்குப் பேச்சு கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

"காய் தரம்பிரிக்க மெசின் வாங்கச் சொன்னதே நாந்தாண்ணே. லாபம் கூடிருச்சு. வேலை பாத்த பொம்பளைகளைக் கொஞ்ச நாளைக்குன்னு சொல்லி நிப்பாட்டிட்டோம். இனி எங்கிட்டுக் கூப்பிட?" என்றார்.

வழியில் அவர்களில் ஒருத்தி பிள்ளையோடு ஏறினாள். அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"சார், எப்ப வேலைக்கு வரட்டும்?"

"சொல்லி விடுறேன்த்தா."

பஸ்சில் நெரிசல். தூங்கிய பிள்ளையை அவர் மடியில் கிடத்திவிட்டு நின்றுகொண்டாள்.

அவருடைய ஊர் வந்தது. அவர் எழவில்லை.

"இறங்கலையா?" என்றேன்.

"எப்படிண்ணே எந்திரிக்கிறது?"

நான் இறங்கும்போதும் பிள்ளையின் தலையைத் தாங்கியபடியே இருந்தார். அவளிடம் உண்மையைச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது.