தெற்கு பார்த்த கண்ணாடிச் சுவர்

கட்டடக் கலைப் படிப்பில் இரண்டாம் வருஷம் முடிவதற்குள் நான் ஒரு வீடு கட்டிவிட்டேன். எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. அறுபதுகளின் நடுவில், பம்பாயின் செம்பூர் இன்னும் சின்ன ஊர் மாதிரி இருந்தபோது, ரயில்வே ஆபீஸில் வேலை பார்த்த அப்பா அங்கே ஒரு மனை வாங்கினார். எல்லாம் அம்மாவுக்காக. மாட்டுங்காவில் நாங்கள் குடியிருந்த தரைத்தள வீட்டில் சுவரெல்லாம் ஓதம், அம்மாவுக்கு மூச்சிழுப்பு. காற்றும் வெயிலும் வருகிற இடத்துக்குப் போங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

எனக்கு அது போதும். கல்லூரி நூலகத்தில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் பார்த்த வீட்டை மனசுக்குள் வைத்துக்கொண்டு அலைந்துகொண்டிருந்தேன். தட்டையான கூரை, தெற்குப் பக்கம் முழுக்கத் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. நான் செய்த ஒரே மாற்றம், அம்மாவுக்குக் காற்று வேண்டுமே என்று, ஒரே கண்ணாடியாக இல்லாமல் திருப்பித் திறக்கும் கண்ணாடிப் பட்டைகளாக வரிசை வரிசையாக வைத்ததுதான்.

தாராவியிலிருந்து வந்த திருநெல்வேலி மேஸ்திரி வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஜன்னலுக்கு மேலே மழைக்கு நீட்டும் சஜ்ஜா எங்கே என்று கேட்டார். அது கட்டடத்தின் நேர்கோட்டைக் கெடுத்துவிடும் என்று தொடங்கி அரை மணி நேரம் பேசினேன்.

"மழைக்கு ஒங்க கோடு தெரியுமாய்யா? வீட்டுக்குள்ள கொடை பிடிச்சிக்கிட்டுல்லா இருக்கணும்" என்றார் அவர்.

அப்பா சிரித்தார். "அவன் அதுக்குத்தானே படிக்கறான். போட்டபடியே கட்டுங்கோ."

ஆபீஸில் எந்தக் காகிதத்தையும் மூன்று முறை படிக்காமல் கையெழுத்துப் போடாதவர், என் வரைபடத்தை ஒரு முறைகூடச் சரியாகப் பார்க்கவில்லை.

மாட்டுங்கா வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மார்ச்சில் குடிவந்தோம். இரண்டு மாதம் அம்மாவுக்கு இழுப்பே இல்லை. கூடத்து வெளிச்சத்தைப் பார்க்கத் தெருவில் ஆட்கள் நின்றார்கள். நான் தரையில் கால் பாவாமல் திரிந்தேன்.

ஜூனில் மழை தென்மேற்கிலிருந்து சாய்ந்து வந்தது. பம்பாயில் அது எப்போதும் அங்கிருந்துதான் வரும். பள்ளி நாட்கள் முழுக்க அந்தப் பக்கமாகவே குடையைச் சாய்த்து நடந்தவன் நான். பத்திரிகை வீடு இருந்த தேசத்தில் வெயில் அபூர்வம், வருவதும் தெற்கிலிருந்துதான், அதனால் தெற்கைத் திறந்து வைத்தார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. இறுக்கி மூடினாலும் ஒவ்வொரு பட்டைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தது. அத்தனையிலும் தண்ணீர். தார்ப்பாய் கட்டினோம், காற்று அதைக் கிழித்துப் போட்டது. நான்காம் நாள் சுவரில் ஓத வாசனை ஏறியது. அன்றே அம்மாவுக்கு இழுப்புத் தொடங்கியது.

மேஸ்திரியைக் கூட்டி வந்தேன். வெகு நேரம் அண்ணாந்து பார்த்தார். "இப்பம் ஒண்ணும் செய்ய முடியாதுய்யா. ஒடைச்சுக் கம்பி கட்டித்தான் சஜ்ஜா போடணும். மழை நிக்கட்டும்."

மழை நிற்க மூன்று மாதம் இருந்தது. மாட்டுங்கா வீட்டில் வேறு குடும்பம் வந்தாயிற்று.

வடக்கே இருந்த சமையலறை மட்டும் நனையவில்லை. வரைபடத்தில் இடம் போதாமல் நான் குறுக்கிக்கொண்டே போன அறை. படுக்க இடமில்லாததால் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, மேடையில் கையூன்றி மூச்சு வாங்கினாள். அப்பா கூடத்தில் சாக்கைப் பிழிந்துகொண்டிருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"நாழியாறதுடா," என்றாள் அம்மா. அடுத்த மூச்சு வரக் காத்திருந்து, "காலேஜுக்குக் கிளம்பு."

அவள் பக்கத்தில் நிற்கக்கூட அந்த அறையில் இடமில்லை. கிளம்பினேன்.