மூன்றாவது பாட்டில் திக்கிய பெட்டி

அந்தப் பெட்டி எனக்குக் கிடைத்தது ஆட்டையாம்பட்டியில் ஒரு பழைய இரும்புக் கடையில். தறிக்கு ஒரு பல்சக்கரம் தேடிப் போயிருந்தேன். உடைந்த மிக்ஸிகளுக்கும் ஃபேன் இறக்கைகளுக்கும் நடுவில், சாம்பல் நிறத்தில், மேலே வட்ட மூடி போட்ட ஒரு சாமான் கிடந்தது. டிவியில் மாட்டிப் பிள்ளைகள் கேம் ஆடும் பெட்டி. ரொம்பப் பழையது. கடைக்காரர், "அது ஓடாதுங்க, பிளாஸ்டிக் விலைக்குத்தான் போவும்" என்றார். அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று துளைகள் தனித்தனியாக இருந்தன. அப்படித் துளை வைத்த பெட்டியைப் பற்றித்தான் அம்மாபேட்டை அண்ணன் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. அம்மாபேட்டையில் நூல் கடை வைத்திருப்பவர். நான் வேலை பார்க்கும் விசைத்தறிப் பட்டறைக்கு அவர் கடையிலிருந்துதான் நூல் வரும். ஒருமுறை அவர் வீட்டு இன்வெர்ட்டரைப் பார்த்துவரச் சொல்லி முதலாளி என்னை அனுப்பினார். மாடியில் ஒரு அறை முழுக்கப் பாட்டுச் சாமான். நெஞ்சு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். வேலை முடிந்ததும், "உக்காருங்க தம்பி, ஒரு பாட்டுக் கேட்டுட்டுப் போலாம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த மாதிரி வீடுகளில் என்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை. லுங்கியில் இருக்கும் கிரீஸ் நாற்காலித் துணியில் ஒட்டிவிடுமே என்று நுனியில் உட்கார்ந்தேன்.

எனக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. இருபத்தெட்டு வருஷமாகத் தறி மெக்கானிக். நாற்பது தறி ஒரே கூரைக்குக் கீழே ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. அதனால் நாங்கள் உதட்டைப் பார்த்துத்தான் பேசுவோம். நான்கு தறி தள்ளி நிற்பவர் "டீ சொல்லியாச்சா" என்று வாயசைத்தால் போதும். அந்தச் சத்தம் என் காதில் பாதியைத் தின்றுவிட்டது. இலவச முகாமில் காதைச் சோதித்த டாக்டரம்மா, "மேல் சத்தமெல்லாம் போயிடுச்சுங்க, கீழ் சத்தம் பரவாயில்லை" என்றார். சலங்கை, சைக்கிள் பெல், வயலின் மேலே ஏறும் இடம், இதெல்லாம் எனக்கு இல்லை. பாடுகிறவர் குரலும் மிருதங்கமும் கேட்கும். இதை அண்ணனிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"காது போனா என்ன தம்பி, கை இருக்குதில்ல" என்றார் அவர்.

அன்றைக்குத்தான் அந்த கேம் பெட்டியைப் பற்றிச் சொன்னார். அதற்குள் இருக்கிற சத்தப் பகுதி அவ்வளவு நல்லதாம். வெளிநாட்டில் விஷயம் தெரிந்தவர்கள் அதைத் தேடிப் பிடித்து, உள்ளே சில வேலைகள் செய்து, பாட்டுக் கேட்க மட்டும் வைத்துக்கொள்கிறார்களாம். "எல்லாப் பாட்டுக்குப் பின்னாலயும் ஒரு இரைச்சல் இருக்குது தம்பி. அது இருக்கறதே நமக்குத் தெரியாது. அது போனதுக்கப்புறம்தான் அட, இவ்வளவு நாளு இதையா கேட்டுட்டு இருந்தோம்னு தோணும்" என்றார். இரைச்சலைத் துடைத்து எடுத்த பாட்டு. அந்தப் பேச்சு எனக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது. என்னால் முழுதாகக் கேட்க முடியாவிட்டாலும் அப்படி ஒன்றை என் கையால் செய்துவிட வேண்டும் என்று இருந்தது.

தறிகளுக்கு எலக்ட்ரானிக் போர்டு வந்தபோது சால்டரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். பெட்டி வேலையைப் போன் வீடியோவில் பார்த்தேன். பேச்செல்லாம் இங்கிலீஷ். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. சத்தத்தை நிறுத்திவிட்டுக் கைகளை மட்டும் பார்ப்பேன். எந்த இடத்தில் எடுக்கிறார்கள், எந்த இடத்தில் வைக்கிறார்கள் என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்து நோட்டில் படம் போட்டுக்கொண்டேன். பாட்டு வெளியே வரும் வழியில் எள்ளு மாதிரி இரண்டு டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. கேம் மாறும்போது 'டப்' என்ற சத்தம் வராமல் வாயைப் பொத்துவதற்காக வைத்தவை. அவற்றை எடுத்தேன். முனையில் இருந்த சின்ன கெப்பாசிட்டர்களை எடுத்துவிட்டு நல்லதாக இரண்டு வைத்தேன். வீட்டில் ஒரு சின்ன ஸ்பீக்கரில் மாட்டி ஒரு பாட்டு ஓடவிட்டேன். இரண்டு பக்கமும் சத்தம் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டைப்பையில் வைத்து மொபெட்டில் அம்மாபேட்டைக்குக் கொண்டுபோனேன்.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். கண்ணைத் திறந்து, "தம்பி, என்ன வேலை பண்ணியிருக்கறீங்க!" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஒரு வாரம் இங்கயே இருக்கட்டும். நிதானமாக் கேட்டுச் சொல்றேன்" என்றார். வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் போனபோது, "அருமையா பாடுது. வயலின்தான் லேசாக் கூசுது" என்றார். எனக்கு வயலினின் அந்த இடம் கேட்காது. அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பெட்டியை எடுத்துவந்து கெப்பாசிட்டர்களை மாற்றினேன். கொண்டுபோய்க் கொடுத்தேன். "கூச்சம் போயிடுச்சு. இடது பக்கம் ஒரு நூலு கம்மியோ?" என்றார். இடது பக்கத்தை மூன்று நாள் சாயங்காலம் அக்கக்காகப் பிரித்துப் பார்த்தேன். குறை ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் அவர் காது சொல்கிறதே என்று நன்றாக இருந்த சாமான்களையும் எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தேன். பிறகு, பெட்டிக்குள்ளேயே இருந்த கரண்ட் போர்டை வெளியே எடுத்துத் தனி டப்பாவில் வைத்தேன். இரைச்சல் அங்கிருந்துதான் வருகிறது என்று ஒரு வீடியோவில் கையைக் காட்டிக் காட்டிச் சொன்னது எனக்குப் புரிந்திருந்தது. அதைக் கேட்டுவிட்டு அண்ணன், "இதுதான் தம்பி! பாட்டுக்குப் பின்னால இப்ப அமைதி" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் சீலநாயக்கன்பட்டியில் நிறுத்தி எனக்கு நானே ஒரு கரும்புச்சாறு வாங்கிக் குடித்தேன். அப்படியெல்லாம் செய்கிற ஆள் இல்லை நான்.

என் மனைவி வீட்டில் தார் சுற்றுகிறவள். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் போகும் சின்னக் கட்டையில் நூல் ஏற்றுகிற வேலை. மிஷினை ஓட்டிக்கொண்டே, "அந்தப் பொட்டிக்குப் பண்ற வைத்தியத்தை என் முட்டிக்குப் பண்ணியிருந்தா நான் இந்நேரம் கொல்லிமலை ஏறியிருப்பேன்" என்பாள். "அண்ணன் கேட்டுட்டு நல்லா இருக்குதுன்னாரு" என்பேன். "அவரு சொல்லாம? ஞாயிறானா ஓடியோடி அவரூட்டு மோட்டாரையும் ஃபேனையும் பாக்கறீங்க, நல்லா இல்லீன்னா சொல்லுவாரு?" என்பாள். அவளுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிடுவேன்.

இப்படி இரண்டு வருஷம் போயிற்று. போன மாதம் அண்ணன் போன் செய்து, "நம்ம பெட்டியக் கேக்கறதுக்கு ரெண்டு பேர் வாராங்க. செஞ்ச ஆளு இருக்கோணும், நீங்களும் வந்திருங்க" என்றார். இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

வந்தவர்கள் இரண்டு பேரும் அண்ணன் வயதுக்காரர்கள். என்னைக் காட்டி, "இவருதான்" என்றார் அண்ணன். அவர்கள் தலையை ஆட்டினார்கள். நான் வாசல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். எப்போதும்போல அண்ணனே சிடியைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். அந்த அலமாரியை நான் தொட்டதே இல்லை. ஒவ்வொரு முறையும் "வைங்க தம்பி, நான் மாட்டிக்கறேன்" என்பார். பச்சை விளக்கு எரிந்தது. கையில் போனை எடுத்து ஏதோ தட்டினார். அதையும் எப்போதும் செய்வார். கடை விஷயம் ஏதாவது இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

பாட்டு ஆரம்பித்தது. குரல் அறை முழுக்க நிறைந்தது. வந்தவர்களில் ஒருவர் அண்ணன் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டார். அண்ணன் என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திப் பதில் சொன்னார். குரலைத் தாழ்த்தினாலும் உதடு மறையவில்லையே. அவர் நூல் விற்கிறவர். பட்டறைக்குள் ஒரு நாள் முழுக்க நின்றவர் இல்லை.

"அதெங்க பாடுது? கீழ்த் தட்டுல புதுசு ஒண்ணு இருக்குது பாருங்க, போன்ல தட்டுனா அது பாடுது. அந்தப் பொட்டி முதல் வாரமே மூணாவது பாட்டுல திக்குச்சு. அதோட விட்டுட்டேன்."

கேட்டவர் வாய், "அவருக்குத் தெரியாதா?" என்றது.

"காது எங்க கேக்குது? தறிக்காரரு. ஆசையாத் தூக்கிட்டு வாராரு, பாவம்."

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பாமல் சிரித்தார்கள்.

உதட்டைப் படிப்பதில் தப்பு வருவது உண்டு. சில எழுத்துகள் வாயில் ஒன்றுபோலவே இருக்கும். தப்பாகத்தான் படித்திருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பிறகு எழுந்தேன். அந்த அறையில் யாரும் சொல்லாமல் நானாக எழுந்து நடந்தது அதுதான் முதல் தடவை. அலமாரிக்குப் பக்கத்தில் போய், சுவரில் இருந்த பெட்டியின் பிளக்கைப் பிடித்து இழுத்தேன்.

பச்சை விளக்கு அணைந்தது. பாட்டு நிற்கவில்லை. அந்தக் குரல் அதே இடத்தில் அதே வரியைப் பாடிக்கொண்டிருந்தது. அந்த அளவு எனக்குக் கேட்கும்.

அண்ணன் எழுந்து வந்தார். "தம்பி... உங்க மனசு நோகக்கூடாதுன்னுதான்..." என்றார். இப்போது சத்தமாகவே பேசினார்.

எனக்குக் கோபமாகப் பேச வராது. "திக்குச்சுன்னு சொல்லியிருக்கலாமுங்களே" என்றேன்.

"எப்படித் தம்பி சொல்றது? அவ்வளவு ஆசையாக் கொண்டாந்தீங்க."

"அப்ப வயலின் கூசுதுன்னு சொன்னது?"

அவர் கையில் இருந்த போனைச் சட்டைப்பையில் போட்டார்.

"இடது பக்கம் கம்மின்னது?"

"சும்மா நல்லா இருக்குது நல்லா இருக்குதுன்னே சொன்னா உங்களுக்குச் சந்தேகம் வந்துருமில்ல. அதான் ஏதாச்சும் ஒண்ணு..." என்று இழுத்தார்.

வந்தவர்களில் ஒருவர் பாட்டை நிறுத்தும்படி கையைக் காட்டினார். நான் ஒயர்களைச் சுருட்டிப் பெட்டியைக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். "இருங்க தம்பி, டீ வருது" என்று அண்ணன் படி வரைக்கும் வந்தார். "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அப்போதும் வாரேன் என்றுதான் வாயில் வந்தது.

வண்டியில் வரும்போது என்னைச் செவிடன் என்று சொன்னதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. பட்டறையில் அதைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். சிரித்ததைக்கூட விட்டுவிடலாம். அவர் கண்டுபிடித்த ஒரே உண்மையான குறை அந்தத் திக்கல். அதை மட்டும் மறைத்துவிட்டார். இல்லாத குறைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் அவற்றை நம்பி நல்ல சாமான்களைப் பிடுங்கிப் போட்டேன். துணியில் பிசகு வந்தால் நாங்கள் நூலைப் பிரித்துக்கொண்டே பின்னால் போவோம். நல்ல இடம் வந்ததும் நிறுத்தி அங்கிருந்து மறுபடி ஓட்டுவோம். இந்தப் பெட்டியில் எந்த இடம் வரை பிரித்துப் போவது? எந்த மாற்றம் நல்லது, எது அவர் வாய்க்கு வந்ததைச் சொன்னதால் செய்தது என்று சொல்ல ஒரு காது இல்லை. அவர் காதைத்தான் என் காதாக வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மத்தியானம். "ஏனுங்க, பொட்டியத் திருப்பிக் கொண்டாந்துட்டீங்க?" என்றாள் மனைவி.

"நம்மூட்லயே இருக்கட்டும்னு."

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் தார் மிஷினை ஓட்டப் போனாள். போன் மூன்று முறை அடித்தது. எடுத்துப் பார்த்தேன், அண்ணன்தான். கவிழ்த்து வைத்தேன்.

பழைய டிவிகளிலிருந்து கழற்றி வைத்திருந்த இரண்டு ஸ்பீக்கர்களை ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் வழியாகப் பெட்டியில் மாட்டினேன். சிடியைப் போட்டேன். முதல் பாட்டு ஓடியது. இரண்டாவது ஓடியது. மூன்றாவது வந்ததும் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூடியின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். சூடு இல்லை. அப்போதுதான் விளங்கியது. கரண்ட் போர்டு உள்ளே இருந்தபோது அதன் சூடு பக்கத்தில் இருந்த லென்ஸைத் தாக்கியிருக்கிறது. சூடேறியதும் திக்கியிருக்கிறது. போர்டை வெளியே எடுத்தபோதே, எனக்குத் தெரியாமலே, அந்தக் குறை தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரே ஒரு நாள் அவர் போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். திக்கியதை முதல் வாரமே சொல்லியிருந்தாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கண்டுபிடித்திருப்பேன். மூன்றாவது பாட்டு திக்காமல் முடிந்தது. நான்காவதும் ஐந்தாவதும் முடிந்தன.

மனைவி தார் மிஷினை நிறுத்திவிட்டு வந்து சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தாள். அவள் காது நல்ல காது. தெருமுனையில் வரும் தயிர்க்காரியின் கொலுசை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள். இரண்டு வருஷமாக இந்தப் பெட்டிக்கு முன்னால் அவளை ஒரு நாளும் உட்கார வைத்ததில்லை. பாட்டைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்று இருந்தேன்.

சிடி முடிகிற வரைக்கும் அவள் எழுந்திருக்கவில்லை. கடைசிப் பாட்டு நின்றதும் என் முகத்தைப் பார்த்தாள். நான் கேட்பேன் என்று இருந்திருப்பாள். எப்படி இருக்குது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வீட்டுக்கு வந்ததிலிருந்து என் முகம் இருந்த இருப்புக்கு, நல்லா இருக்குது என்றுதான் சொல்லுவாள் என்று எனக்குத் தெரியும். சொன்னால் நம்ப முடியாது என்பதும் தெரியும்.

நான் குனிந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து தார் மிஷினுக்குப் போய்விட்டாள்.