ஓரகத்தியின் தட்டு

ஓரகத்தியை வேலைக்குச் சேர்த்துவிட்டவளே பெரியவள்தான். தான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் ஆள் கேட்டபோது, "எங்க வீட்டுச் சின்னவ இருக்கா சார், நல்ல பொறுமைசாலி" என்று முந்திக்கொண்டு சிபாரிசு செய்த வாயை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஆழ்கடல் சேற்றைச் சலித்தால் மணல்போல நுண்ணிய ஓடுகள் மிஞ்சும். எந்தக் காலத்திலோ கடலில் மிதந்த உயிர்களுடையவை. அவற்றில் ஒரே இனத்தை மட்டும் நுண்ணோக்கியில் பார்த்து, ஈரத் தூரிகை நுனியால் பொறுக்கித் தட்டில் சேர்க்க வேண்டும். பிறகு அவற்றை அமிலத்தில் கரைத்து, அவற்றிலுள்ள போரான் என்ற தனிமத்தை அளந்து, அன்றைய கடலில் கரியமில வாயு எவ்வளவு இருந்தது என்று கணக்கிடுவார்கள். வேறு இனம் கலந்தால் கணக்கே கோணிவிடும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை.

சின்னவளுக்குப் பார்வை மங்கத் தொடங்கியது. "வெளிய சொல்லிடாதீங்கக்கா, வேலை போயிடும்" என்று அழுதாள். பெரியவளுக்கு மனசு கேட்கவில்லை. காலையில் மேற்பார்வையாளர் வருவதற்குள் சின்னவளின் தட்டைப் பொறுக்கிக் கொடுத்துவிடுவாள். தன் தட்டைக் கண் எரிய எரிய மதியத்துக்கு மேல்தான் பார்ப்பாள்.

அப்போதுதான் இரண்டு பேரில் ஒருவரை நிரந்தரமாக்குவதாக அறிவித்தார்கள். பெரியவள் இத்தனை வருடமாகக் காத்துக் கிடந்தது அதற்குத்தான். மேற்பார்வையாளர் தட்டுகளைச் சோதித்தார்.

"உங்க தட்டுல வேற இனம் கலந்திருக்கும்மா. உங்க ஓரகத்தி தட்டு எவ்வளவு சுத்தம் பாருங்க! நிரந்தர வேலை அவங்களுக்குத்தான்."

சின்னவள் பக்கத்திலேயேதான் நின்றாள். வாயைத் திறக்கவில்லை, மகராசி! உண்மையைச் சொன்னால் ஒருத்தி தட்டை இன்னொருத்தி பொறுக்கிக் கொடுத்த குற்றத்துக்கு இரண்டு பேரையும் அனுப்பிவிடுவார்கள். பெரியவளும் வாயை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"விடு. வேலை நம்ம வீட்டைவிட்டு வெளிய போகலையே" என்றான். அடப்பாவி மனுஷா!

சற்று நேரத்தில் சின்னவளே வந்து நின்றாள். "சார்கிட்ட பேசிட்டேன்கா. எனக்கு உதவிக்கு உங்களை வச்சுக்கலாம்னு சொல்லிட்டார். தினக்கூலிதான்."

"உனக்குக் கொஞ்சமாவது சூடு சொரணை இருக்கா? என் கண்ணை வச்சு நீ பொழைக்கணுமா? வரமாட்டேன், போடி!"

சின்னவள் விசும்பிக்கொண்டே போனாள். புருஷன் எழுந்து வந்தான்.

"பாவம், அக்கா அக்கான்னு பாசமாக் கூப்பிட வந்தவளை இப்படியா விரட்டுவே? உனக்கு ஏன்டி இவ்வளவு பொறாமை?"